ஒரு பக்கம் ஐம்பது சென்

லாபிஸில் மழை பிடித்தால் மின்சாரமும் கொஞ்சம் யோசிக்கும்.
மூன்றாவது தடவை தட்டியதில் ஸ்கேனர் கண் விழித்தது.
விழித்ததும் அது தேடுவது
கண்ணாடியின் விளிம்புக்கு அடியில்
யாருக்கும் தெரியாமல் ஒட்டியிருக்கும்
ஒரு வெள்ளைப் பட்டையை.
இதுதான் வெள்ளை என்று
தனக்குத்தானே ஒருமுறை சொல்லிக்கொண்ட பிறகே
அடுத்தவர் காகிதத்துக்கு வரும்.
அந்த ஒழுக்கம் எனக்குப் பிடிக்கும்.

வீராயி அக்கா பிளாஸ்டிக் பையை அவிழ்த்தார்.
உள்ளே மைலோ பாக்கெட். அதற்குள் இன்னொரு பை.
அதற்குள் தோட்டத்து வேலை அட்டை, நான்காய் மடித்தது.
"சிகாமட்டில் கேக்குறாங்க, தாயி.
தொழிலாளர் இலாகாவுக்குக் கம்ப்யூட்டர்லதான் அனுப்பணுமாம்."
தோட்டம் கைமாறிவிட்டது.
சேர்ந்த வருஷத்தை வைத்துத்தான் நஷ்டஈடு.

மூடியை மூடினேன்.
விரல் பருமனில் ஒரு கோல் உள்ளே நகர்கிறது.
சிவப்பு, பச்சை, நீலம்,
கண் பிரித்தறிய முடியாத வேகத்தில் மாறி மாறி;
வெளியே கசிவதென்னவோ ஒரே வெள்ளை.
ஒவ்வொரு கோட்டிலும் காகிதத்தைக் கேட்கிறது,
கொடுத்ததில் எவ்வளவு திருப்பித் தருவாய்?
காகிதம் நல்ல மாதிரி, ஏறக்குறைய எல்லாம் தந்துவிடும்.
மைதான் வாங்கியதை விழுங்கிவிட்டு
ஒன்றும் தெரியாததுபோல் உட்கார்ந்திருக்கும்.
கோல் நெடுக ஆயிரக்கணக்கில் பொடிக் கண்கள்.
கிடைத்ததை எண்ணிச் சொல்லும்:
பூஜ்யம் என்றால் கறுப்பு,
இருநூற்று ஐம்பத்தைந்து என்றால் வெள்ளை.
நாம் எழுத்து என்று படிப்பது
ஒளி திரும்பி வராத இடங்களை.

திரையில் வந்தது: சேர்ந்த வருஷம் 1994.
"தொண்ணூத்திநாலா?" என்றார் அக்கா.
"என் மூத்தவன் எண்பத்தாறு. அவனை வயித்துல வச்சுக்கிட்டு
நான் எங்க மரம் சீவுனேன் அப்போ?"

நான் பதில் சொல்லவில்லை.
பின்பக்கம் எடுக்கத் திருப்பியபோது
கை மாறி, முன்பக்கத்தையே
குறுக்காக வைத்துவிட்டேன் போலிருக்கிறது.

இந்தக் கோலில் விளக்கு ஒரு பக்கம் மட்டுமே.
ஒளி நேரே விழாது, சாய்ந்து விழும்.
சாயங்கால வெயிலில்
திடலின் புல் முளைக்காத குழியெல்லாம் தெரியுமே, அப்படி.
அட்டை திரும்பியதால் வெளிச்சம் வரும் திசையும் திரும்பிவிட்டது.
ஒன்பதின் இடுப்புக்குக் கீழே, இடது பக்கம்,
மை இல்லாத ஒரு பள்ளம்.
மயிரிழை நிழல்.
பெரிதாக்கினேன்.
பிளேடால் சுரண்டிய நார்கள் எழுந்து நின்றன.
பள்ளம் வளைந்து போய் வட்டத்தை மூடியது.

எட்டு.

பேனாவை அழுத்தி எழுதியவர்
மையைத்தான் சுரண்ட முடிந்தது.
அதன்மேல் போட்ட ஒன்பதின் வால்
உள்பக்கம் சுருண்டு, நுனியில் ஒரு புள்ளி.
அந்தப் புள்ளியை எனக்குத் தெரியும்.
எங்கள் வீட்டுக் கேஸ் கணக்கிலும்
காலண்டரில் ஆடி மாதத்திலும் அது இருக்கிறது.
அந்தத் தோட்டத்தில் முப்பது வருஷம்
கிராணியாக இருந்தவர் என் மாமனார்.

இலாகா கேட்பது கறுப்பு வெள்ளை.
அந்தப் பொத்தானை அழுத்தினால்
யந்திரம் நடுவில் ஒரு கோடு கிழிக்கும்:
இதற்குக் கீழே கறுப்பு, மேலே எல்லாம் வெள்ளை.
நிழல்கள் அத்தனையும் மேலே போய்விடும்.
படம் சுத்தமாக வரும். கோப்பும் சின்னது.
யாரும் என்னைக் குறை சொல்லமாட்டார்கள்.

அக்கா கண்ணாடியில் படிந்த தூசியை
முந்தானையால் துடைத்துவிட்டார், நான் கேட்காமலே.

சாம்பல் நிறத்தில் எடுத்தேன். அறுநூறில்.
கோப்பு பெரிசு, ஏறுவதற்கு ஒன்பது நிமிஷம் என்றது.
பெயர் கேட்டது.
வீராயி குறுக்கே, என்று அடித்தேன்.

"எவ்வளவு, தாயி?"
"ஐம்பது சென்."
மழை விடவில்லை. அவரை உட்காரச் சொன்னேன்.
போன் அதிர்ந்தது. மாமாதான்.
ரொட்டி வாங்கி வரணுமாம்.